எறும்புக்குப் போட்ட கோலம்

சௌந்தரம் அம்மா துளசித் தண்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். விரல் நுனியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக என்னமோ ஒட்டிக்கொண்டு வந்தது. அதை என் மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன பாண்டி?"

"மாவுப்பூச்சிம்மா."

"எங்கேருந்து வந்துச்சு?"

பாண்டியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சௌந்தரம் அம்மாவின் கண் மொட்டை மாடியின் இந்தப் பக்கம் திரும்பியது. அங்கே எங்கள் தொட்டிகள் இருந்தன. ஓமவல்லி, புதினா, எலுமிச்சம்புல், தூதுவளை, எங்கள் துளசி. எல்லாவற்றிலும் அதே வெள்ளை, திட்டுத் திட்டாக.

நான் படியின் மேல் தட்டில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். முன்னால் போவதா, பின்னால் இறங்குவதா என்று தெரியவில்லை. டம்ளர் சூடு கையில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஆடி முதல் வெள்ளிக்கு நாலு பேர் பூஜைக்கு வருவாங்க. அதுக்குள்ள என் துளசி தேறணும். இல்லாட்டி உங்க தொட்டியெல்லாம் எறக்கிருங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்காத" என்றார்.

அப்போது சித்திரை முடிகிற நேரம். யானைமலைப் பாறை பகலெல்லாம் வாங்கின வெயிலைச் சாயங்காலம் எங்கள் பக்கமே திருப்பி விடும். அப்படி ஒரு கோடை.

தொட்டிகள் மாடி ஏறிய கதை

போன வாரம் இந்தப் பத்தியில் என் டீக்கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கடைக்கு வருகிற ஒருவர், "துளசி டீ, துளசி டீன்னு எழுதுறீங்களே, அம்புட்டுத் துளசி எங்கேருந்துண்ணே வருது?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். எனக்கு நேரில் பேச வராது. அதனால் இந்த வாரம் இங்கே சொல்கிறேன்.

ஒத்தக்கடையில் நாங்கள் குடியிருக்கிற வீடு சௌந்தரம் அம்மாவுடையது. அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். கீழே அவர், மேலே நாங்கள், அதற்கு மேலே மொட்டை மாடி. சுற்றி வீடுகள் நெருக்கிக்கொண்டு எழும்பிவிட்டதால் கீழே வெயில் விழாது. அதனால்தான் துளசி மாடத்தை மொட்டை மாடியிலேயே சிமெண்டில் கட்டியிருந்தார். முழங்கால் வலியோடு தினமும் இரண்டு மாடி ஏறி வருவார்.

பாண்டியம்மாவுக்கு ஊர் எழுமலை. மாமன் மகள்தான். ஒருமுறை அங்கே போய்விட்டுத் திரும்பும்போது ஓமவல்லிக் குச்சி ஒன்றை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அதைப் பழைய பெயிண்ட் வாளியில் நட்டாள். கொஞ்ச நாளில் வாளியே தெரியவில்லை, இலைதான் தெரிந்தது.

"மாமா, இத வச்சு பஜ்ஜி போடுவமா?" என்றாள்.

எனக்குப் பயம். வாழைக்காய் பஜ்ஜி கேட்கிறவர்களிடம் இலையை நீட்டினால் என்ன சொல்வார்களோ. அவளே ஒரு சாயங்காலம் கடையில் நின்று போட்டாள். கெட்டியான அந்த இலை மாவுக்குள் வெந்து, கடிக்கும்போது மூக்குவரை வாசம் ஏறும். காலேஜ் பசங்க "அண்ணே, இல பஜ்ஜி" என்று கேட்டே வர ஆரம்பித்தார்கள். சளிப் பிடித்தவர்கள் துளசி டீ கேட்டார்கள். ஒவ்வொன்றாகத் தொட்டி ஏறியது. பெரிய கடைகள் ரோட்டில் வந்த பிறகும் என் தள்ளுவண்டி நிற்கிறதென்றால் அது அந்த மாடியால்தான்.

சௌந்தரம் அம்மாவுக்குத் தினமும் காலையில் ஒரு டம்ளர் டீ கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வருவேன். அவர் கேட்டதில்லை. அவர் மாடியில் எங்கள் தொட்டி இருக்கிறதே, அதற்காக. வைத்துவிட்டு உடனே இறங்கிவிடுவேன். பேச்சுக் கொடுத்துவிடுவாரோ என்று பயம்.

கசந்த டீ

பூச்சியைப் போக்க பாண்டியம்மா செய்ததை எல்லாம் சொன்னால் உங்களுக்கும் உதவும்.

முதலில் பழைய டூத் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தண்டு தண்டாகத் தேய்த்தாள். குழந்தைக்குக் காதுக்குப் பின்னால் அழுக்கு எடுப்பது போல. மறுநாள் பார்த்தால் பாதி திரும்ப வந்திருந்தது.

அடுத்து வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரோடு சேராதில்லையா? பூந்திக்கொட்டையை ஊறப்போட்டுக் கசக்கி, அந்த நுரைத்தண்ணீரில் எண்ணெயைக் கொஞ்சமாக விட்டுக் கலக்கினாள். பால் போல ஆனது. வெயில் இறங்கின பிறகுதான் அடித்தாள். வெயிலோடு அடித்தால் இலை வெந்துபோகும். இலைக்கு மேலே அடித்தால் போதாது, பூச்சி இருப்பது இலைக்கு அடியில். அவள் தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து, ஒவ்வொரு இலையையும் புரட்டிப் புரட்டி அடிப்பாள். எண்ணெய் அவள் முகத்திலேயே விழும்.

பூச்சி கொஞ்சம் அடங்கியது. ஆனால் அடித்த செடியிலிருந்தும் ஒருநாள் நான் தெரியாமல் நாலு இலை கிள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

"அண்ணே, டீயா கஷாயமா?" என்றான் ஒரு பையன்.

"குடிடா, நேத்து அடிச்ச புரோட்டா செரிக்கும்" என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாய்லருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து மருந்தடித்த தொட்டியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்தாள். துணி அவிழும்வரை அதில் கை வைக்கக்கூடாது.

வைகாசியும் பிறந்தது. அடித்தால் அடங்கும், விட்டால் வரும். சௌந்தரம் அம்மாவின் துளசி மட்டும் நாளுக்கு நாள் மோசமானது. இலை சுருண்டு, கருப்பாகப் பிசுக்குப் படிந்து. அதில் வேப்பெண்ணெய் அடிக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சாமிக்குப் போகிற இலையில் நாற்றம் ஆகாது என்றார். அதுவும் நியாயம்தான்.

மச்சானின் பாட்டில்

பாண்டியம்மாவின் அண்ணன் மாயாண்டி எழுமலைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறார். ஒரு விசேஷத்துக்கு வந்தவர் மாடியைப் பார்த்துவிட்டு, வண்டிப் பெட்டியிலிருந்து சின்ன பாட்டில் ஒன்றை எடுத்து வந்தார். மூடி திறக்கும்முன்பே வாடை வந்தது.

"மாப்ள, வாளித் தண்ணிக்கு நாலு சொட்டு. நாளைக்கு ஒரு பூச்சி இருக்காது."

எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரே அடியில் எல்லாம் முடியும். துளசி தேறும். தொட்டி இறங்காது. பாண்டியம்மாவைப் பார்த்தேன்.

"அண்ணே, நீ பூவுக்கு அடிக்கிற. பூவ தலையில வைப்பாக. நான் இந்த இலையப் பறிச்சு வெந்நீல போட்டுப் பிள்ளைகளுக்குக் குடுக்குறேன்" என்றாள்.

"ரெண்டு வாரம் பறிக்காம விடு."

"இருமிக்கிட்டு ஒருத்தன் வந்து நிப்பான். ஒன் மாப்ளயால இல்லைன்னு சொல்ல முடியுமா? வாயத் தொறக்குறதுக்குள்ள அவன் குடிச்சிட்டுப் போயிருவான்."

மச்சான் சிரித்துவிட்டார். பாட்டிலை உள்ளே வைத்தார். அப்புறம் தொட்டி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ பூச்சியவே பாத்துக்கிட்டு இருக்க. எறும்பப் பாருத்தா."

தண்டில் சிற்றெறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"இந்த வெள்ளப்பூச்சி எறும்பு வளக்குற மாடு. இனிப்பா ஒரு தண்ணி விடும். அதுதான் பாலு. பாலு கறக்குறவன் மாட்ட விடுவானா? நீ இந்தப் பக்கம் அழிச்சா அவன் அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போய் மேய விடுவான். மாட்ட எவன் கடிக்க வந்தாலும் வெரட்டுவான்."

மருந்துப் பாட்டிலோடு வந்த மனிதர், மருந்தே வேண்டாத வழியைச் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மல்லிக்குத் தண்ணி பாய்ச்ச வேண்டும் என்று வண்டி ஏறினார்.

வேட்டியில் போன வரிசை

நம் வீடுகளில் சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறாமல் இருக்க என்ன செய்வோம்? ஒரு தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் டப்பாவை வைப்போம். பாண்டியம்மா அதையே செடிக்குச் செய்தாள். பழைய தட்டு, பெயிண்ட் வாளி மூடி, ஓட்டைத் தாம்பாளத்தில் எம்-சீல் வைத்து அடைத்தது என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்தாள். தண்ணீருக்கு நடுவில் செங்கல், செங்கல்மேல் தொட்டி. கொசு முட்டை வைக்கும் என்பதால் தண்ணீரில் ஒரு சொட்டு வேப்பெண்ணெய், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றுவது. செடியில் ஏற்கெனவே இருந்த எறும்பைத் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டினாள்.

எல்லாத் தொட்டியும் தீவு மாதிரி நின்றன. ஆனால் மறுநாளும் தூதுவளையில் எறும்பு.

"பறந்தா வருது?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். அப்புறம்தான் பார்த்தோம். துணி காயப்போடும் கொடியில் என் வேட்டி தொங்கியது. சுவரிலிருந்து கொடி வழியாக வந்து, என் வேட்டியின் கரை ஓரமாக இறங்கி, அதைத் தொட்டுக்கொண்டிருந்த தூதுவளைக் கொடியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது வரிசை. ஒன்றுகூட வழி தவறவில்லை.

"மாமா, ஒங்க வேட்டி மேல இம்புட்டுப் பேரு நடமாட்டம். ஒங்களுக்குத் தெரியல" என்றாள்.

துணிக்கொடியை எதிர்ப்பக்கம் மாற்றிக் கட்டினோம். அன்றோடு எங்கள் தொட்டிகளில் எறும்பு நின்றது. மிச்சம் இருந்த பூச்சியை பிரஷ்ஷால் தேய்த்ததற்கு இந்தத் தடவை பலன் இருந்தது. போனது திரும்பவில்லை.

ஆனால் சௌந்தரம் அம்மாவின் துளசி? சிமெண்ட் மாடத்தைத் தூக்கித் தாம்பாளத்தில் வைக்க முடியுமா? ஆனி பாதி போய்விட்டது.

அவர் தினமும் விடிந்ததும் மாடத்தைச் சுற்றிக் கோலம் போடுவார். கல்மாவு இல்லை, அசல் பச்சரிசி மாவு. எறும்பு தின்னட்டும் என்றுதான் போடுவது. சில வீடுகளில் இப்போது ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். இவர் ஒருநாள்கூட விட்டதில்லை. குனிய முடியாத முழங்காலோடு தரையில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து இழை இழுப்பார். கோலம் முடிந்த கொஞ்ச நேரத்தில் அதன் ஓரமெல்லாம் எறும்பு மொய்க்கும். மாவு எடுத்த எறும்பு அப்படியே மாடத்தில் ஏறித் துளசிக்கும் போய்விட்டு வரும்.

பாண்டியம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் பேச வேண்டியதாயிற்று

"நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

"நானா?"

"நான் சொன்னா சண்டையாயிரும். என் தொட்டியக் காப்பாத்த அவங்க கோலத்தக் குறை சொல்றேன்னு நெனப்பாங்க. நீங்க வாயே தொறக்காத ஆளு. ஒங்க வாயில இருந்து ஒரு சொல்லு வந்தா யாரா இருந்தாலும் நின்னு கேப்பாங்க."

மறுநாள் டம்ளரோடு மேலே போனேன். கைப்பிடிச் சுவரில் வைத்தேன். இறங்கவில்லை. சௌந்தரம் அம்மா கோலத்தின் கடைசி இழையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, நிக்கிறீங்க?"

தினமும் எறும்புக்குச் சோறு போடுகிறவரிடம் போய் அது தப்பு என்று எப்படிச் சொல்வது?

"அம்மா... எறும்பு சாப்ட்டுட்டு எங்க போகுதுன்னு பாருங்கம்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஓர் எறும்பைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனார். கோலம், மாடத்தின் விளிம்பு, தண்டு, இலைக்கு அடியில் வெள்ளைத் திட்டு. அங்கே அது நின்று மீசையால் பூச்சியைத் தட்டியது. அவர் நெடுநேரம் நிமிரவில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டது.

"இத்தன வருஷமா இதுகளுக்குப் போட்டேன். இதுகளா என் துளசியத் திங்குது?" குரல் உடைந்திருந்தது.

"எறும்பு திங்கலம்மா. அது மாடு வளக்குது. வெள்ளப்பூச்சிதான் மாடு. அதுல பால் கறக்குது." மச்சான் சொன்னதை எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினதில்லை.

அவர் கோலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப நான் கோலம் போடலை. தொழுவத்துல தீவனம் போட்டிருக்கேன்" என்றார். தோள் குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியாது. தன் பக்தியில் ஒருவன் கை வைத்துவிட்டான் என்று நினைக்காமல், இருந்த இடத்திலேயே அதைத் தூக்கிப் பார்த்துச் சிரிக்க எத்தனை பேரால் முடியும்?

துளசிக்குக் காப்பு

கோலத்தை நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவரும் நிறுத்தவில்லை. மாடியின் மறுகோடியில், தண்ணித் தொட்டிக்குக் கீழே நிழலான ஒரு மூலை இருக்கிறது. அங்கே போட ஆரம்பித்தார். "சாப்பாட்டு இடம் மாறிருச்சு, வாங்க" என்று எறும்புகளிடம் சொல்லிக்கொண்டே போட்டார்.

துளசித் தண்டின் அடியில் விளக்கெண்ணெய் தடவின துணி கட்டினால் எறும்பு தாண்டாது என்று பாண்டியம்மா சொன்னாள். பழைய துணி ஒன்றைக் கிழித்துக்கொண்டு போனாள். சௌந்தரம் அம்மா கையைத் தட்டிவிட்டார்.

"அழுக்குத் துணிய துளசியில கட்டுவியா? இரு."

கீழே போய், புதுத்துணி ஒரு முழம் எடுத்து, மஞ்சளில் நனைத்துக் காயவைத்துக் கொண்டு வந்தார். விளக்கெண்ணெயில் தோய்த்துத் தன் கையாலேயே தண்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"திருவிழாவுக்கு ஊருக்கே காப்புக் கட்டுறோம். இவளுக்குக் கட்டக்கூடாதா?"

எண்ணெய் காயக் காய அவரே புதுசாகத் தடவினார். பாண்டியம்மா வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பூச்சியைக் கழுவினாள். இரண்டு பேரும் தலை முட்டுகிற மாதிரி அந்தச் செடிக்கு இருபுறமும் உட்கார்ந்திருப்பார்கள்.

நடக்கிற வெள்ளை

எறும்பு நின்றது. ஆனாலும் துளசியின் கவட்டைகளில் வெள்ளை இருந்தது. ஒருநாள் பாண்டியம்மா அதில் பெரிதாக, நூல் நூலாக முடி வைத்த மாதிரி ஒன்றைக் கண்டாள். "இதுதான் தாய்ப்பூச்சி போல" என்று நசுக்கினாள். இன்னொன்றையும் நசுக்கினாள்.

"நில்லு பாண்டி" என்றார் சௌந்தரம் அம்மா. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இது நடக்குது."

மாவுப்பூச்சி இருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இது அவசரமாக நடந்தது. நடந்து போய் ஒரு மாவுப்பூச்சியின் மேல் ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து அங்கே மாவுப்பூச்சி இல்லை, வெறும் தூசி.

பாண்டியம்மா தன் விரலைப் பார்த்துக்கொண்டு, "ஆத்தாடி, நம்ம ஆளையே கொன்னுட்டேனே" என்றாள்.

அது ஒருவகைப் பொறிவண்டின் குஞ்சு என்று கடைக்கு வருகிற விவசாயக் காலேஜ் பையன் செல்போனில் படம் பார்த்துவிட்டுச் சொன்னான். மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை வேஷம் போட்டுக்கொண்டு மாவுப்பூச்சியையே தின்னுமாம். வளர்ந்தால் மிளகு அளவில் கருப்பு வண்டு, தலைப்பக்கம் செம்மண் நிறம். எறும்பு காவல் இருந்தவரை அது கிட்ட வர முடியவில்லை. காவல் போனதும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. கூலி இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

அன்றே வேப்பெண்ணெய்ப் பாட்டிலை மூடி வைத்தாள். வண்டுக்கும் அது ஆகாது.

ஆடி வெள்ளி

வெள்ளிக்கிழமை துளசி பறிப்பதில்லை. அதனால் எங்கள் கடையில் அன்று புதினா டீதான். முதல் ஆடி வெள்ளியன்று அதில் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு, மேலே போனேன். ஆடிக்காற்று படியிலேயே வேட்டியைப் பிடித்து இழுத்தது. தொட்டி இருக்குமா, இறக்கச் சொல்வாரா என்று இரண்டு நாளாக அவர் ஒன்றும் சொல்லவில்லை.

துளசியில் பழைய இலைகள் சில கருப்பாகவே இருந்தன. முழுக்கத் தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சள் காப்புக்கு மேலே, ஒவ்வொரு கணுவிலும் இளம்பச்சையாகத் துளிர் விட்டிருந்தது. நிழல் மூலையில் பெரிய படிக்கோலம். அதைச் சுற்றி எறும்புகள்.

சௌந்தரம் அம்மா எங்கள் தொட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். பாண்டியம்மா பக்கத்தில் குடத்தோடு. எதையோ நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இறக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கிட்டப் போனதும் தெரிந்தது. ஓமவல்லிக்கும் புதினாவுக்கும் நடுவில் ஒரு புது மண்தொட்டி. அதில் சாம்பல் பச்சையாக மரிக்கொழுந்து. எங்களுடையது இல்லை. தொட்டிக்குக் கீழே செங்கல், செங்கலுக்குக் கீழே பித்தளைத் தாம்பாளம். பூஜை அறையில் நான் பார்த்திருக்கிற தாம்பாளம்.

"இதுலயும் தண்ணி ஊத்து பாண்டி" என்றார் சௌந்தரம் அம்மா. "நாளையிலேருந்து இதுக்கும் சேத்து நீதான் மாத்தணும். எனக்குக் குனிய முடியாது."

பாண்டியம்மா குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் தாம்பாளத்தில் சுற்றி ஓடி நிறைந்தது.

நான் டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஏன் ஓடுறீங்க? பூஜைக்கு ஆள் வர இன்னும் நேரம் இருக்கு. உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன்.